கொடுப்புக்குள் சிரிப்பு

வெள்ளவத்தையில் நோகாத பல்லைப் பிடுங்குகிறார்கள். கொட்டாஞ்சேனையில் நோகிற பல்லைப் பிடுங்க ஆளில்லை. இரண்டு ஊரையும் 155ஆம் இலக்க பஸ் ஒரே பாதையில் கோத்து வைத்திருக்கிறது. பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத் தூரம். பல்லுக்கு ஐந்து மாதத் தூரம்.

ஞானப்பல்லை எடுப்பதா விடுவதா, எடுப்பதென்றால் எப்போது என்று மருத்துவ உலகம் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கொழும்பு இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டது. பல்லைப் பார்க்கத் தேவையில்லை, வாயைத் திறக்கவும் தேவையில்லை. பேர்ஸைத் திறந்தால் போதும்.

முதலில் என் மருமகளின் கதை. வயது பத்தொன்பது. பல்லைக் கிளீன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று காலி வீதிப் பக்கம் ஒரு கிளினிக்குக்குத் தாயோடு போனாள். பேர் வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு லேனுக்குள் நுழைந்தால் நகைக்கடை எத்தனை கண்ணில் படுமோ, கிட்டத்தட்ட அத்தனை பல் கிளினிக்கும் படும். இரண்டிலும் நிறுத்துதான் பார்க்கிறார்கள். அங்கே ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். நாலு ஞானப்பல்லும் முரசுக்குள் படுத்துக்கிடக்கின்றன.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை டொக்டர்."

"இனி நோகும்."

"எப்ப?"

"அது சொல்லேலாது. கனடாவுக்குப் போன பிறகும் நோகலாம்."

பிள்ளைக்கு விறைப்பூசியைப் பிறகுதான் போட்டார்கள். தாய் இந்த ஒரு சொல்லிலேயே விறைத்துப்போனாள். "எடுத்து விடுங்கோ டொக்டர், நாலையும்" என்றாள் என் தங்கச்சி. பிள்ளைக்குக் கனடாவில் பல்கலைக்கழகம் கிடைத்ததா? இல்லை. விசா விண்ணப்பித்தாளா? இல்லை. பல்லு மட்டும் முன்கூட்டியே புறப்பட்டுவிட்டது.

இரண்டு பின்னேரங்களில் வேலை முடிந்தது. பில்லில் டொக்டருக்கு ஒரு வரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி, எக்ஸ்ரேக்கு ஒரு வரி, கையுறைக்கும் ஒரு வரி. ஞானத்துக்கு மட்டும் வரி போடவில்லை. அது கையிருப்பில் இல்லையாம். வீக்கம் வற்றின பிறகு பார்த்தால் பிள்ளையின் கீழுதட்டில் வலது பக்கம் உணர்ச்சியில்லை. தேத்தண்ணி குடித்தால் வழிவது அவளுக்குத் தெரியாது. கீழ்த் தாடையெலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை உரசிக்கொண்டு கிடக்கும். கீறி எடுக்கும்போது அது நசுங்கலாம். பலருக்குச் சில மாதத்தில் சரிவரும், சிலருக்கு ஆயுளுக்கும் வராது. நசுங்கக்கூடும் என்பதை முன்னமே சொன்னார்களா என்று கேட்டேன். "கையெழுத்து வாங்கினவை அண்ணா" என்றாள் தங்கச்சி. எங்கள் ஊரில் எச்சரிக்கை என்பதும் கையெழுத்து என்பதும் ஒன்றுதான்.

இனிக் கொட்டாஞ்சேனை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறார் நாட்டாமி ஒருவர். புறக்கோட்டையில் மூட்டை தூக்குவார். நான் போய்வரும் அச்சகத்துக்குக் கடதாசிக் கட்டுகளையும் அவர்தான் சுமந்து வருவார். அவருடைய ஞானப்பல் பாதி முளைத்து, பாதி முரசுக்குள் நின்றுவிட்டது. மேலே மூடிக்கிடக்கும் முரசுத் தோலுக்கும் பல்லுக்கும் இடையில் சோற்றுப் பருக்கை போய் அழுகி, சீழ் வைத்து, கொடுப்பு வீங்கும். ஒரே வருஷத்தில் இது மூன்றாம் தரம். வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்காது. கராம்பு எண்ணெய், பனடோல், பார்மசியில் கேட்டு வாங்கின குளிசை. ஒரு கிழமை அடங்கும், மறுபடி கிளம்பும்.

விடிய நாலரைக்கு ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். அதன் பேரும் வேண்டாம். எதன் பேரைப் போட்டாலும் கதை மாறாது. நம்பர் துண்டு கிடைத்தது. எக்ஸ்ரே மெஷின் பழுது. "வெளியில எடுத்துட்டு வாங்க." வெளியில் எடுக்க இரண்டு நாள் கூலி போனது. எடுத்துக்கொண்டு போனார். பார்த்த டொக்டர் நல்லவர். "இது கட்டாயம் எடுக்கவேண்டிய பல்லு, இனிச் சுணங்கக் கூடாது" என்று அக்கறையாகச் சொல்லி, ஐந்து மாதம் கழித்து ஒரு திகதி கொடுத்தார்.

வெளியே வந்ததும் பக்கத்தில் நின்றவர் காதுக்குள் சொன்னாராம்: "இவரையே தனியாரில சனல் பண்ணினா நாளைக்குப் பின்னேரம் எடுத்துருவார்." அதே கை, அதே குறடு, அதே பேராதனைப் படிப்பு. காலையில் ஐந்து மாதம். பின்னேரம் ஐந்து மணி.

டொக்டரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அது எனக்கு வேண்டாம். அரசாங்க நிபுணர்கள் கடமை நேரம் முடிந்த பிறகு தனியாரில் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தது அரசாங்கம். சம்பளத்தைக் குறைத்து வைத்து, "மிச்சத்தை நீயே பார்த்துக்கொள்" என்று கண்ணடித்ததும் அரசாங்கம். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் ஒருவர் சதமும் கட்டாமல் படித்து வெளியேறுகிறார். அந்தப் படிப்புக்குக் காசு கொடுத்தது யார்? சவர்க்காரம் வாங்கும்போது நாட்டாமி கட்டும் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அது 18 வீதம். படிக்கும்வரை பல் டொக்டர் கொட்டாஞ்சேனையின் பிள்ளை. படித்து முடித்ததும், நாலு மணிக்குப் பிறகு, வெள்ளவத்தையின் மருமகன்.

சரி, மருத்துவம் என்னதான் சொல்கிறது?

ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்கும் 25க்கும் இடையில் முளைக்கும். தமிழும் சிங்களமும் அதற்கு ஞானம் என்றே பேர் வைத்திருக்கின்றன. இரண்டு மொழியும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று. கொரியர்கள் அதைக் காதல் பல் என்கிறார்கள். ஜப்பானியர் 'பெற்றோர் அறியாதது' என்கிறார்கள். அந்த வயதில் பிள்ளைக்குப் பல் முளைப்பதைத் தாய்தகப்பன் கவனிப்பதில்லை என்று பொருள். ஜப்பானியர் வெள்ளவத்தைக்கு வந்ததில்லைப் போலும். இங்கே பெற்றோர் அறியாமல் பிள்ளைக்கு ஒரு முகப்பருகூட முளைக்க முடியாது.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் பிரித்தானியாவின் நைஸ் என்ற சுகாதார வழிகாட்டல் நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது. நோயில்லாத ஞானப்பல்லை, படுத்துக்கிடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பதை அரசாங்க வைத்திய சேவை நிறுத்த வேண்டும். அடைக்க முடியாத சூத்தை, சீழ்க்கட்டு, எலும்புக்குள் தொற்று, நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லைக் கரைத்தல் என்று காரணம் இருந்தால் எடுக்கலாம். முரசு ஒருமுறை வீங்கினால், அது கடுமையாக இல்லாதவரை, பொறுத்துப் பார். இரண்டாம் முறையும் வந்தால் எடுப்பதை யோசி. ஒரு வருஷத்தில் மூன்று முறை வீங்கின நாட்டாமி இந்தக் கணக்கில் எப்போதோ பாஸ். என் மருமகள் பரீட்சைக்கே தோற்றவில்லை.

2007இல் ஜே ஃபிரீட்மன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தன் நாட்டுக் கணக்கை விரித்தார். வருஷத்துக்கு ஐம்பது இலட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள், செலவு 300 கோடி டொலருக்கு மேல், இதில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையற்றது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சஞ்சிகையில் எழுதினார். முன்பல் கோணுவது ஞானப்பல் தள்ளுவதால்தான் என்று அரை நூற்றாண்டாகப் பயமுறுத்தி வந்தார்களே, அதற்கும் ஆதாரம் நிற்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் நானும் கிளினிக்காரன்தான். இளவயதில் எலும்பு இளகியிருக்கும், வேர் முற்றியிருக்காது. எடுப்பது சுலபம், ஆறுவது சுருக்கு. வயது ஏற ஏறச் சிக்கலும் ஏறும். பிரித்தானியாவில் "பொறுத்துப் பார்" என்று விட்ட பற்களில் சில, சாய்ந்து கிடந்த இடத்தில் முன்னால் நின்ற நல்ல கொடுப்புப் பல்லையும் சூத்தையாக்கின. ஆகவே விட்டுவிடு என்பதும் மந்திரமில்லை, எடுத்துவிடு என்பதும் மந்திரமில்லை. நோகாத பல்லை எடுப்பது சரியென்றோ பிழையென்றோ தீர்த்துச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான், உலகத்து ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பும் சொன்னது. அந்தந்தப் பல்லைப் பார், நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார், வருஷா வருஷம் பார், நோயாளிக்கு இரண்டு பக்கத்தையும் சொல், பிறகு தீர்மானி. விஷயம் இவ்வளவுதான். இதற்கு வேண்டியது ஒரு கதிரை, ஒரு எக்ஸ்ரே, கால் மணித்தியாலப் பொறுமை. மூன்றில் எதற்கும் பெரிய இலாபம் இல்லை. அதனால்தான் கிடைப்பதில்லை.

முரசு வீக்கத்துக்கான அந்த விதி எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஒருமுறை என்றால் பொறு, மறுபடியும் என்றால் எடு. இதைச் சுகாதார அமைச்சுக்குப் பிரயோகித்துப் பாருங்கள்.

2022 ஏப்ரில் 12ஆம் திகதி நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதற்கு முன்னமே, மார்ச்சில், பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அது முதல் வீக்கம். அடுத்து வந்தது தரமற்ற மருந்துகள் பற்றிய புகார். 2023 செப்டெம்பரில் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. பாராளுமன்றம் வாக்களித்து அதைத் தோற்கடித்தது. அடுத்த மாதமே அவரைச் சுற்றாடல் அமைச்சுக்கு மாற்றினார்கள். சீழ் வைத்ததாகச் சந்தேகப்படும் பல்லைக் கழற்றி, அதே வாயில் வேறு இடத்தில் நட்டுவைக்கும் சிகிச்சையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது இலங்கைதான். 2024 பெப்ரவரி 2ஆம் திகதி, தரமற்ற இமியூனோகுளோபியூலின் கொள்வனவு தொடர்பில், அமைச்சராக இருக்கும்போதே அவர் கைதானார். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு: நாட்டாமியின் பல்லுக்கு ஐந்து மாதம் காத்திருக்கச் சொல்கிறவர்கள், தங்கள் நாற்காலியிலிருந்து எழும்ப மட்டும் பொலிஸ் வரும்வரை காத்திருப்பதேன்?

முளைக்கவும் மாட்டாது, விழவும் மாட்டாது, சாய்ந்து படுத்தபடி பக்கத்தில் நிற்கிறவரை இடிக்கும். இது பல்லின் வர்ணனை. எந்த அமைச்சுக்காவது பொருந்தினால் தற்செயல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் கொடுப்புத்தான் வெடிக்கும். இந்த நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நெடுங்காலமாக முதலிடம் வாய்ப்புற்றுக்கு. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் செய்கிற வேலை. மூட்டை தூக்குகிறவன் பசியை அடக்கவும் அலுப்பை மறக்கவும் வாய்க்குள் அடக்கிக்கொள்வது அதைத்தான். இந்தப் புற்றைக் கண்டுபிடித்துக் கீறி எடுத்து, தாடையைத் திரும்பக் கட்டுகிறவர் யார்? ஞானப்பல்லைக் கீறி எடுக்கும் அதே வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர். 2022க்குப் பிறகு நிபுணர்கள் விமானமேறின கதை எல்லாருக்கும் தெரியும். மிஞ்சியிருக்கும் கைகள் கொஞ்சம். அந்தக் கைகளில் ஒன்று, இரண்டு பின்னேரங்கள், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் நோகாத பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாருடைய நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று அடுத்த மாதத்துத் துண்டுக்காகக் காத்திருந்ததோ!

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெள்ளவத்தைக்குப் பல் ஒரு அவயவம் இல்லை. அது பயணப்பொதியின் ஒரு பகுதி. "அங்க போனா விலை" என்ற ஒரு வாக்கியத்தில் பல், கண்ணாடி, கலியாணச் சேலை எல்லாம் கட்டப்படுகின்றன. ஓகஸ்டில் லண்டன்காரர் வந்திறங்கினால் நல்லூர்த் தேருக்கு ஒரு நாள், பல்லுக்கு நாலு நாள். அந்த லண்டன்காரருடைய நாட்டில், பிரிஸ்டலில், 2024 பெப்ரவரியில் அரசாங்க நோயாளிகளை ஏற்கும் பல் கிளினிக் ஒன்று திறந்தபோது நூற்றுக்கணக்கானோர் வீதியில் வரிசை கட்டி, பொலிஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. வரிசையை நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே பிரித்தானியா அதற்கு முந்தின மாதம்தான் இன்னொரு சட்டவிதியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தஞ்சம் கேட்டு வரும் பிள்ளை 18க்கு மேலா கீழா என்று பார்க்க ஞானப்பல்லை எக்ஸ்ரே எடுக்கலாம். சுவீடன் 2017இலேயே இதைத் தொடங்கிவிட்டது. பல்லின் வேர் முற்றியிருந்தால் நீ பெரியவன், திரும்பிப் போ. கொழும்பில் பல்லைப் பார்க்காமல் பேர்ஸைப் பார்க்கிறார்கள்; அங்கே முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிறார்கள். மனிதனைப் பார்க்கிற இடம் எது என்றுதான் தெரியவில்லை.

இந்தத் தீவின் பல்லுக்கும் பணத்துக்கும் பழைய உறவு. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைச் சூறையாடியபோது ஒரு பல் அவர்கள் கையில் அகப்பட்டது. புத்தரின் புனித தந்தம் அதுதான் என்று அவர்கள் நம்பி, கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். உண்மையான தந்தம் அவர்கள் கைக்குப் போகவேயில்லை என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. பர்மாவின் பெகு அரசர் பெருந்தொகை தருவதாகக் கேட்டனுப்பினார். ஆளுநரும் பேராயரும் கூடி யோசித்து, காசு வேண்டாம் என்று முடிவெடுத்து, பல்லை உரலில் இடித்து எரித்து ஆற்றில் கொட்டினார்கள். மூர்க்கத்தனம்தான். ஆனாலும் இந்தத் தீவிலிருந்து வந்த ஒரு பல்லுக்குக் கிடைக்கவிருந்த காசை யாரோ வேண்டாமென்று சொன்னது அதுதான் கடைசி.

ஆகவே சுகாதார அமைச்சுக்கு ஒரு யோசனை. எடுப்பதா விடுவதா என்று மக்களை இனிக் குழப்ப வேண்டாம். மூன்று மொழியிலும் ஒரு படிவம் அச்சடியுங்கள். முதலாவது கேள்வி: உங்கள் முகவரியில் 'லேன்' உண்டா, 'தோட்டம்' உண்டா? லேன் என்றால் உடனே எடுக்கப்படும். தோட்டம் என்றால் கீழே உள்ள கேள்விகளுக்குப் போகவும். இரண்டாவது: ரொறன்ரோவில் உங்களுக்கு யாராவது உண்டா? மூன்றாவது: உங்கள் பல் காலையில் நோகிறதா, நாலு மணிக்குப் பிறகு நோகிறதா? காலையில் நோகும் பற்களுக்கு அரசாங்கம் பொறுப்பு. பின்னேரம் நோகும் பற்களுக்குச் சிகிச்சை உண்டு. நாலாவது: நோகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தேவையில்லை. அலுவலக உபயோகத்துக்கு மட்டும்.

போன கிழமை அச்சகத்தில் நாட்டாமியைக் கண்டேன். கொடுப்பு ஒரு பக்கம் இளநீர்க் குரும்பை மாதிரி. ஐந்து மாதம் முடிந்துவிட்டதே என்றேன். மடிக்குள்ளிருந்து துண்டை எடுத்து விரித்தார். திகதியை வெட்டிப் பக்கத்தில் வேறு திகதி எழுதியிருந்தது.

"போனேன் சார். அன்னிக்கு ஸ்ட்ரைக். இன்னும் மூணு மாசம் போட்டுருக்காங்க."

என்ன சொல்வதென்று தெரியாமல், என் மருமகளின் கதையைச் சொன்னேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுவான், அப்படித்தான். நாலு பல்லையும் எடுத்தது, உதடு விறைத்தது எல்லாம் கேட்டார். பாவம் என்று தலையாட்டினார்.

"எடுக்க முந்தி ரொம்ப வலிச்சுச்சா சார் பாப்பாவுக்கு?"

"இல்லை. வலியே இல்லை."

"அப்ப ஏன் எடுத்தாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் நன்றாகத்தான் திறக்கும்.

"நாலு பல்லுங்கிறீங்க. அதுல ஒண்ணோட நேரத்தை எனக்குக் குடுத்திருக்கலாமே சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்காதவர் எப்படிச் சிரிப்பார்? கொடுப்புக்குள்ளேயே சிரித்தார். பிறகு குனிந்து அடுத்த கடதாசிக் கட்டைத் தோளில் ஏற்றினார், வீங்காத பக்கத்துத் தோளில்.